தத்தாராம் சுர்வே இல்லாமல் கிளம்பிய படகு

சிப்ளூண் பஸ் ஸ்டாண்டில் தத்தாராம் சுர்வேயைப் பார்த்தவர்கள் குறைவு. கேட்காதவர்கள் யாரும் இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்வது அவர் உத்தியோகம். நேரம் வந்ததும் கூண்டை விட்டு வெளியே வந்து விசில் ஊதுவார். அதற்கப்புறம் சாட்சாத் கணபதியே எலியை விட்டு இறங்கி ஓடி வந்தாலும் வண்டி நிற்காது. கைக்குழந்தையோடு ஓடி வந்தவர்கள், மாப்பிள்ளைக் கோலத்தில் ஓடி வந்தவர்கள், ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தவர்கள் என்று எல்லாரையும் அவர் சமமாகவே நடத்தினார்.

"அடுத்த வண்டியில வாங்க" என்பார். அதையும் மைக்கிலேயே சொல்வார், ஊரே கேட்கும்படி.

இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒருநாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, தேங்காயும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு நிம்மதியாக மூச்சு விட்டது. மூச்சு முட்டியது வீட்டுக்கு.

அனுப்பி வைக்க பஸ் இல்லாத மனிதர் வேறு என்ன செய்வார்? வீட்டிலிருப்பவர்களை அனுப்பத் தொடங்கினார். பையன் பராக் குளிக்கப் போனால் வெளியே நின்று நேரம் சொல்வார். பேத்தி ஓவி பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்று விசில் ஊதுவார். மனைவி ஷேவந்தி கோயிலுக்குப் போய்த் தாமதமாக வந்தால், தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டுக்கொண்டு அதைத் திருப்பி அறிவிப்பார்: "பூசாரி தூங்கிவிட்டபடியால் இன்றைய பிரசாதம் காலதாமதமாக வருகிறது."

ஷேவந்தி இதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. அவள் அதிகம் பேசாதவள் என்றுதான் தத்தாராம் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். இடையில் புக இடம் இருந்ததா என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

ஷேவந்தி சஹ்யாத்ரி மலைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிச் சிப்ளூணுக்கு வந்தபோது, இனிமேல் கடல் பக்கத்திலேயே இருக்கும் என்று சந்தோஷப்பட்டாளாம். பக்கத்தில்தான் இருந்தது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இத்தனை வருஷத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறாள், இரண்டு முறையும் யாருடைய அஸ்தியையோ கரைக்கப் போனபோது. தத்தாராமைப் பொறுத்தவரை கடல் என்பது பஸ் திரும்பி நிற்கும் இடம். அதற்கு மேல் ரோடு கிடையாது என்பதைத் தவிர அதில் அவருக்கு விசேஷமாக எதுவும் தெரியவில்லை.

தீபாவளி விடுமுறைக்குப் புனேயிலிருந்து மகள் வைஷாலியும் மாப்பிள்ளை ஹேமந்தும் புதுக் காரில் வந்தார்கள். ஹேமந்த் சாப்பாட்டுப் பிரியன். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த பூகோளம். "எல்லாரும் கடலோரமாவே ரத்னாகிரி வரைக்கும் போவோம் மாமா, வழியில நல்லா சாப்பிட்டுக்கிட்டு, அங்கங்க நின்னு பாத்துக்கிட்டு" என்றான்.

"எதுக்கு?" என்றார் தத்தாராம்.

ஹேமந்த் பராக்கைப் பார்த்தான். பராக்தான் சமயோசிதமாக, "ரெண்டு கார் போகும் பாபா. யாராவது ஒருத்தர் பொறுப்பா இருந்து நடத்தணும்" என்றான். தத்தாராமின் முதுகு நிமிர்ந்தது. அந்த வாயைக் கொஞ்சம் மூடியிருக்கலாம் என்று பராக் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டான்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் எல்லாரையும் வாசலில் வரிசையாக நிற்க வைத்துத் தத்தாராம் விதிகளைச் சொன்னார். முதல் கார் பராக்குடையது, இரண்டாவது ஹேமந்துடையது. முந்தக் கூடாது. தான் முதல் காரில் பாதி தூரமும் இரண்டாவது காரில் பாதி தூரமும் வந்து இரண்டையும் மேற்பார்வை பார்ப்பார். காட்சி பார்க்க ஓர் இடத்துக்குப் பத்து நிமிஷம். சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது: பாக்ரி ரொட்டி, பூண்டுச் சட்னி, அவித்த முட்டை. வெளிச்சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும். வயிறு கெட்டால் வண்டி நிற்க வேண்டியிருக்கும். படகுத்துறையில் டீ கிடையாது, இறங்கியதும் நேரே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

"யாருக்காகவும் யாரும் காத்திருக்கக் கூடாது. விட்டுட்டுப் போனா விட்டுட்டுப் போனதுதான். வராதவங்க அடுத்த வண்டியில வரணும்" என்று முடித்தார்.

ஷேவந்தி தலையாட்டினாள். அவள் எப்போதும் போலத் தலையாட்டுகிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

குஹாகர் தாண்டி மலை ஏறி இறங்கும் வளைவில் முதல் நிறுத்தம். கீழே கடல் பச்சையும் நீலமுமாக விரிந்து, பாறையில் நுரையாக உடைந்துகொண்டிருந்தது. எல்லாரும் இறங்கி, பேச்சு மறந்து நின்றார்கள். தத்தாராம் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷேவந்தி மெல்ல ஒரு பாறையில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து பார்க்கவும் விசில் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

"இப்பத்தான் உக்காந்தாங்க மாமா!" என்றான் ஹேமந்த்.

"கடல் எங்கேயும் போகாது. அடுத்த நிறுத்தத்திலயும் இதே கடல்தான்."

அடுத்த நிறுத்தத்தில் கடலோடு ஒரு வாசனையும் வந்தது. ஹேத்வி பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு கடையில், மசாலா தடவிய வஞ்சிரத் துண்டுகளை ரவையில் புரட்டிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுர்ரென்ற சத்தத்துக்கு இரண்டு கார்களின் கண்ணாடிகளும் தாமாகவே இறங்கின. ஹேமந்த் பாதி இறங்கிவிட்டான்.

"நம்மகிட்ட முட்டை இருக்கு" என்றார் தத்தாராம்.

"முட்டை இருக்கு மாமா, யாரு இல்லன்னா? ஆனா இது மீனு."

"வண்டியில ஏறுங்க மாப்பிள்ளை."

ஹேமந்த் ஏறினான். எல்லாரும் ஆளுக்கொரு அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் மறையும் கொட்டகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள். ஓவி தன் முட்டையை ஜன்னல் வழியாக ஒரு காக்கைக்குப் போட்டாள். காக்கை அதைப் பார்த்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் பறந்தது.

தவ்சாள் என்ற ஊரில் ரோடு முடிந்துவிடும். எதிரே அகலமான உப்பங்கழி. கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய தட்டைப் படகு அதைக் கடந்து அக்கரையில் ஜெய்கட்டில் இறக்கிவிடும். படகில் போனால் கொஞ்ச நேரம். ரோட்டில் சுற்றிப் போனால் பொழுது போய்விடும்.

படகுத்துறையைப் பார்த்ததும் தத்தாராமுக்கு ரத்தம் சூடாயிற்று. அத்தனை நாள் கழித்து ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரு கால அட்டவணைப் பலகை, வரிசையில் நிற்கும் வண்டிகள்! போனை ஓவியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். கார்களைப் பின்பக்கமாகப் படகில் ஏற்ற வேண்டும். அதற்குத் துறையில் ஆள் இருந்தான். தத்தாராம் அவனை ஒதுக்கிவிட்டுத் தானே விசில் ஊதி, கை காட்டி, இரண்டு கார்களையும் ஏற்றினார். தம் கார்களை மட்டுமில்லை; யார் யாருடையதையோ எல்லாம் ஏற்றினார். பிறகு ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பலகையில் போட்டிருக்கும் நேரம் தாண்டிக் கொஞ்சம் ஆகியும் படகு நிற்கிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. டிக்கெட் ஜன்னலுக்குப் போனார்.

உள்ளே இருந்த இளைஞன் பதமாகத்தான் பேசினான். "கடைசியா ஒரு டெம்போ வருது சாஹேப். கிளம்பிடும்."

"ஒரு டெம்போவுக்காக இத்தனை பேரைக் காக்க வைப்பீங்களா? போர்டு எதுக்கு வெச்சிருக்கீங்க, காக்கா உக்காரவா? நான் முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணினவன். ஒருத்தனுக்காக, ஒரே ஒருத்தனுக்காக, ஒரு வண்டியை நிறுத்தினதில்ல. நேரம்னா நேரம். கையைக் காட்டுங்க, படகு போகட்டும்."

இளைஞன் அவரையும் பார்த்தான், பலகையையும் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினான். படகின் ஏற்றுப்பலகை மேலே தூக்கப்பட்டது.

"இப்ப சரியா சாஹேப்?"

"இதைத்தான் முன்னாடியே செஞ்சிருக்கணும்" என்று திருப்தியோடு சொல்லிவிட்டுத் தத்தாராம் திரும்பினார்.

படகு கரையை விட்டு விலகியிருந்தது. இடையில் இருந்த தண்ணீர் முதலில் ஒரு வாய்க்கால் அகலம் இருந்தது. அவர் ஓடத் தொடங்கும்போது ஓடை அகலம். துறையின் நுனிக்கு வந்து நிற்கும்போது ஆறு. தத்தாராம் விசிலை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினார். அந்தச் சத்தம் கேட்டதும் படகோட்டி இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினார். விசில் என்றால் கிளம்பு என்று அர்த்தம். அரை மணி நேரமாக அந்தத் துறைக்கே அதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார். படகின் ஓரத்தில் நின்ற ஓவி, கரையில் யாரோ ஒரு தாத்தா டாட்டா காட்டுவதைப் பார்த்து உற்சாகமாகத் திருப்பிக் காட்டினாள். அவளைப் பார்த்துப் படகில் இருந்த மற்றவர்களும் காட்டினார்கள். தத்தாராம் சுர்வேக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய வழியனுப்பு அதுதான்.

துறையோரமாக மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். அவர்களில் மூத்தவளான பாகீ மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டவள் போல, "அடுத்தது எப்பன்னு பலகையில போட்டிருக்கும் பாருங்க" என்றாள்.

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினார் தத்தாராம்.

பாகீ தலையைச் சாய்த்தாள். "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே... ஏய், நீங்க சிப்ளூண் மைக்கு சாஹேப் இல்ல?" கூடைக்காரிகள் பக்கம் திரும்பினாள். "அடியே, அவருதான்டி! ஒருதரம் எறா வித்துட்டு ஓடி வரேன், கடைசி வண்டி, கையை நீட்டினா படியைத் தொட்டுடலாம். 'கூடையோடு வரும் பெண்மணி நாளைக்கு வரவும்'னு மைக்குல சொன்னாரே, அந்த மனுஷன்!"

ஒருத்தியும் கோபப்படவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. பாகீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, "உக்காருங்க. படகு வர நேரமாகும்" என்றாள்.

நின்றபடியே மறுத்தார். வெயில் அதை ஏற்கவில்லை. உட்கார்ந்தார்.

அவளுடைய போனை வாங்கினார். யாருடைய எண்ணைப் போடுவது? மனைவியின் எண் தெரியாது, மகன் எண் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டே எண்கள்: பஸ் ஸ்டாண்டு விசாரணை எண்ணும் தன் சொந்த எண்ணும். தன் எண்ணைப் போட்டார். மணி அடித்தது.

"ஹலோ, யாரு?" என்றாள் ஓவி.

"நான்தான்!"

"நான்னா யாரு?"

"நான்தான்டி, ஆஜோபா!" என்று தாத்தா கத்தினார்.

"ஆஜோபா இங்க இல்லையே. அவரு ஹேமந்த் காகா கார்ல இருக்காரு. பிஸியா இருப்பாரு, அப்புறமா பேசுங்க."

"அடியே, நான்—"

வைத்துவிட்டாள். பின்னணியில் பாட்டுச் சத்தம் கேட்டது. தம் வீட்டுக் காரில் பாட்டு ஓடி அவர் கேட்டதில்லை. மறுபடி அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் அறிவித்தாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. மற்ற நேரமாக இருந்தால் பாராட்டியிருப்பார்.

சரி, அக்கரையில் தேடுவார்கள் என்று தேற்றிக்கொண்டார். படகிலிருந்து இறங்கியதும் தெரிந்திருக்கும். வைஷாலி அழுவாள். ஷேவந்தி மயக்கம் போட்டாலும் போடுவாள், அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அடுத்த படகில் ராஜா மாதிரிப் போய் இறங்கி என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டார். இதற்கிடையில் பாகீ தனக்கென்று கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, அரிசி பாக்ரியில் பாதியும் சுட்ட கானாங்கெளுத்தி ஒன்றும் நீட்டினாள்.

"வெளிச்சாப்பாடு நான் சாப்பிடறதில்ல" என்றார்.

"இது வெளியில இல்ல, எங்க வீட்டு அடுப்புல சுட்டது."

சட்டப்படி அது சரியாகத்தான் பட்டது. சாப்பிட்டார். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த படகில் அக்கரைக்குப் போய் இறங்கியபோது அழுதுகொண்டு அங்கே யாரும் நிற்கவில்லை. அழாமல் நிற்பவர்களும் இல்லை. டீக்கடைக்காரரிடம் விசாரித்தார்.

"ரெண்டு காரா? ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு? வந்துச்சு. டீ குடிங்கன்னு கூப்பிட்டேன், நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவுன்னுட்டு நேரா போயிட்டாங்க. யாரோ ரொம்பக் கண்டிப்பான ஆளு போல வீட்டுல."

தத்தாராம் திரும்பி நடந்தார். ரத்னாகிரி போகும் சிவப்பு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஓய்வு பெற்றவருக்கான பாஸ் சட்டைப்பையில் இருந்ததால் ஏறி உட்கார்ந்தார்.

பஸ் கிளம்ப வேண்டிய நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஒரு கிழவியின் கோழி இறங்கி ஓடிவிட்டது. கண்டக்டர் அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் நடுவழியில் யாரோ கைகாட்ட நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து போவதைப் பார்த்து, யாரும் கைகாட்டாமலே நின்றது. ஒவ்வொரு தடவையும் தத்தாராமின் கை தன்னையறியாமல் சட்டைப்பையிலிருந்த விசிலுக்குப் போய்த் திரும்பி வந்தது. ஓட்டுநரைக் குற்றம் சொல்ல அவருக்கு ஆயிரம் விஷயம் இருந்தது. ஆனால் படகைத் தவறவிட்டு வந்து ஏறிய பயணி என்கிற முறையில் அன்று குரல் எழும்பவில்லை.

மலைச்சரிவில் பஸ் திரும்பியதும் ஜன்னல் முழுக்கக் கடல் வந்து நின்றது. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அதைப் பார்த்தார். வெயில் தண்ணீரில் உடைந்து கண்ணைக் கூசவைத்தது. தூரத்தில் ஒற்றைப் பாய்மரம் அசையாமல் நின்றது. மறுபடி பார்த்தபோது நகர்ந்திருந்தது. தென்னந்தோப்பு வந்து கடலை மறைத்ததும், அது எப்போது விலகும் என்று கழுத்தை நீட்டினார். கடல் நன்றாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளும்போது தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதது வசதியாக இருந்தது.

மால்குண்ட் தாண்டி, கடலைப் பார்த்த ஒரு சாப்பாட்டு வீட்டின் வாசலில் பராக்கின் வெள்ளைக் கார் நின்றது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினார்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லையே பெரியவரே" என்றார் கண்டக்டர். என்றாலும் மணியை இழுத்தார். தத்தாராம் நிறுத்தமில்லாத இடத்தில் இறங்கினார். இந்த மாதிரி இறக்கிவிட்ட கண்டக்டர்களை அவர் எத்தனையோ முறை விளக்கக் கடிதம் எழுத வைத்திருக்கிறார். "நன்றி" என்று சொல்வதற்குள் பஸ் போய்விட்டது.

சவுக்குத் தோப்பின் நிழலில் ஓலைப்பந்தல். பந்தலுக்குள் போகுமுன்பே சத்தம் கேட்டது. தன் குரல் மாதிரியே ஒரு குரல், மூக்கால் நீட்டி நீட்டிப் பேசியது: "பயணிகள் கவனத்திற்கு! சோல்கடி மேடை எண் இரண்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. வறுத்த மீன் காலதாமதமின்றிப் புறப்படும். முட்டையோடு வரும் பயணிகள் நாளைக்கு வரவும்!"

சிரிப்பு வெடித்தது. தத்தாராம் ஓலைத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தார். எவர்சில்வர் தம்ளரை வாய்க்கு முன்னால் மைக்காகப் பிடித்துக்கொண்டு அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவள் ஷேவந்தி. வைஷாலி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓவி பெஞ்சிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்திருந்தாள். பராக்குக்குப் புரையேறியிருந்தது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் மனைவிக்கு இப்படி ஒரு தொழில் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அதைவிட மோசம், நன்றாகச் செய்தாள்.

உள்ளே போனார். சிரிப்பு நின்றது. பராக் சட்டென்று எழுந்தான்.

"பாபா! நீங்க அந்தக் கார்ல இருக்கீங்கன்னு நான்... ஹேமந்த் என்னடான்னா இந்தக் கார்லன்னு..."

"ஒரு முழு மனுஷனைக் காணோம்னு யாருக்குமே தோணலையா?" என்றார் தத்தாராம். பாகீயின் சாக்கில் உட்கார்ந்து வரிசைப்படுத்திய கேள்விகளில் அது முதலாவது.

ஷேவந்தி தம்ளரைக் கீழே வைத்தாள். "தோணிச்சு. கார்ல ரொம்ப அமைதியா இருந்துச்சு. அந்தக் கார்ல பேசிட்டு வராருபோலன்னு நினைச்சேன்."

"இங்க வந்து இறங்கினப்புறம் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் உக்காந்து மீன் திங்கறீங்க?"

"காலையில நீங்கதானே சொன்னீங்க, யாருக்காகவும் யாரும் காத்திருக்கக் கூடாது, வராதவங்க அடுத்த வண்டியில வரணும்னு. எனக்குத் தெரியாதா, இந்த ஜில்லாவுல ஓடற எல்லா வண்டியும் உங்களுக்கு அத்துப்படி. வந்துடுவாருன்னு சொன்னேன், வந்துட்டீங்க. மாப்பிள்ளைதான் கேக்கல. மாமா பாவம்னுட்டு, ஒரு வாய் கூடச் சாப்பிடாம உங்களைத் தேடிட்டுப் படகுத்துறைக்குப் போயிருக்காரு."

அதாவது அவர் வந்த பஸ்ஸும் ஹேமந்தின் காரும் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்கின்றன. போன் போட்டுப் பார்த்தார்கள். ஹேமந்தும் எல்லைக்கு வெளியே. தத்தாராம் மீதிக் கேள்விகளை எங்கே விட்டார் என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அப்போது சமையல்காரப் பெண் வந்து, ஒருமுழ நீளத் தட்டில் வஞ்சிரமும், இறால் கறியும், வெள்ளைவெளேரென்று அரிசி பாக்ரியும், ரோஜா நிறச் சோல்கடிப் பானமும் வைத்தாள்.

"இது மாப்பிள்ளை சொல்லிட்டுப் போனது" என்றாள் வைஷாலி தயங்கியபடி.

"ஆறிடும்" என்றாள் ஷேவந்தி.

காலையில் யாருக்கு மீன் மறுத்தாரோ அவனுடைய மீனை, அவன் பட்டினியோடு தன்னைத் தேடி அலையும் நேரத்தில், தத்தாராம் சுர்வே உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை பாக்ரி கேட்டபோது மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

அதற்கப்புறம் ஹேமந்த் வரும்வரை கிளம்ப முடியாது. எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. நேரம் தெரியாமல் ஒரு பிற்பகல் இருக்க முடியும் என்பது தத்தாராமுக்குப் புதிய செய்தி. பராக் சவுக்கு நிழலில் குறட்டை விட்டான். ஓவி மணலில் கிணறு தோண்டினாள். தத்தாராம் கொஞ்ச நேரம் பந்தலைச் சுற்றி நடந்தார். சாப்பாட்டு வீட்டுக்காரியிடம் வாசல் போர்டில் எழுத்துப் பிழை இருப்பதைச் சொன்னார். அவள் ஒன்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது என்றாள். அதோடு அவருக்கு வேலை தீர்ந்துவிட்டது.

ஷேவந்தி அலையோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். அலை வந்து கால்களைச் சுற்றி மணலை இழுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் சின்னப் பெண் போல "ஹோ" என்றாள். தத்தாராம் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்த நேரத்துக்கு நாம ரத்னாகிரியில—"

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அலை சத்தத்தைக் கேட்க முடியவில்லை என்பதற்காகச் சொன்னாள். அவர் பேசாமல் இருந்தார். செருப்பை அவிழ்க்காமல் நின்றதில் ஒரு அலை வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஓடிப்போய் ஒன்றைப் பிடித்தார். இன்னொன்று அரபிக்கடலுக்கு.

வெகுநேரம் கழித்து, "நான் இல்லாம நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஷேவந்தி யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. "நல்லா இருந்துச்சு" என்றாள். அடுத்த அலை வந்து போனதும், "மீன் வந்தப்பத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. வால் துண்டை யாருக்கு வைக்கறதுன்னு தெரியல" என்றாள்.

அந்த வீட்டில் வால் துண்டு தத்தாராமுக்கு மட்டுமே பிடிக்கும். அவர் கடலைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். எதையும் அறிவிக்கவில்லை.

சூரியன் தண்ணீரைத் தொடப் போகிற நேரத்தில் சிவப்புக் கார் வந்தது. ஹேமந்த் இறங்கினான். தலை கலைந்து, கண் உள்ளே போய், வாய் மட்டும் மலர்ந்திருந்தது. கையில் ஒரு தாழங்கூடை நிறைய இறால்.

"மாமா! படகேறித் தவ்சாளுக்கே திரும்பிப் போனேன். பாகீ மாவ்ஷி குடுத்தாங்க! மைக்கு சாஹேப் வீட்டுக்கு மாப்பிள்ளைன்னதும் காசே வாங்க மாட்டேன்னுட்டாங்க. இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறவங்களுக்கு அவங்களால முடிஞ்ச உதவியாம்."

அதற்குமேல் அவனைப் பிடிக்க முடியவில்லை. பந்தலுக்குள் நின்று, டிக்கெட் ஜன்னல் காட்சியிலிருந்து ஓவி டாட்டா காட்டிய காட்சி வரை பாகீ சொன்னபடி நடித்துக் காட்டினான். ஓவி, "அது ஆஜோபாவா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். படகு நகர்ந்ததும் மாமா விழுந்து புரண்டதாக ஹேமந்த் மணலில் விழுந்தபோது தத்தாராமால் பொறுக்க முடியவில்லை.

"நான் எங்க விழுந்தேன்? நின்னுகிட்டுத்தான் இருந்தேன். ஓடினது உண்மை. அதைச் சரியாச் சொல்லணும்னா அந்த டிக்கெட்காரப் பையன்கிட்ட இருந்து ஆரம்பிக்கணும். நகருங்க."

ஆரம்பித்தார். குரல் அவருக்கு எப்போதுமே நல்ல குரல்தான். இத்தனை நாளும் சொல்ல விஷயம்தான் இல்லாமல் இருந்தது. படகோட்டி விசில் கேட்டு வேகம் கூட்டிய இடத்தில் சமையல்காரப் பெண் கரண்டியோடு வந்து நின்றாள். தன் சொந்த எண்ணுக்குப் போன் பண்ணித் தான் பிஸியாக இருப்பதாகத் தானே கேட்டுக்கொண்ட இடத்தில் ஷேவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹேமந்தின் மீனைத் தின்ற இடம் வந்தபோது மட்டும் கதையைச் சுருக்கினார். ஹேமந்த் விடவில்லை, இறால் முழுவதையும் அன்றே வறுக்கச் சொல்லி, முதல் தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, முடியும்வரை யாரையும் தொட விடவில்லை.

அன்று அவர்கள் ரத்னாகிரி போகவில்லை. சாப்பாட்டு வீட்டுக்காரியிடம் மேல்மாடியில் இரண்டு அறைகள் இருந்தன. மறுநாளும் போகவில்லை. அதற்கு மறுநாள் ஒரு வழியாகப் போனார்கள். அங்கே பார்க்க வைத்திருந்த கோட்டை பூட்டியிருந்தது; யாரும் வருத்தப்படவில்லை.

தத்தாராம் திருந்திவிட்டாரா என்று சிப்ளூணில் சிலர் விசாரித்தார்கள். வீட்டில் இப்போதும் குளியலறை வாசலில் நேரம் சொல்கிறார், பராக்கும் இப்போதும் காதில் வாங்கிக்கொள்வதில்லை. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அவரும் ஷேவந்தியும் சிவப்பு பஸ்ஸில் கடலோரமாகக் கிளம்பிவிடுகிறார்கள். வழித்தடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரப் போவதாக அவர் பஸ் ஸ்டாண்டில் சொல்லிக்கொள்கிறார். அப்படிப் பார்த்துவரும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஷேவந்தி ஜன்னல் ஓரத்தில் உட்காருகிறாள். மால்குண்டில் இறங்கிச் சாப்பிடுகிறார்கள். போன தடவையைவிட மீன் சின்னதாகிவிட்டது என்று அவர் ஒவ்வொரு தடவையும் சமையல்காரியிடம் புகார் சொல்கிறார். அவளும் ஒவ்வொரு தடவையும் கடலைக் கைகாட்டி, "அங்க போய்ச் சொல்லுங்க" என்கிறாள்.